கோடு போட்ட காரைப் பார்ப்பது தப்பா?



சங்கரன்கோவில் பக்கம் ராயகிரியிலிருந்து எட்டாம் வகுப்பு படிக்கும் தம்பி ஒருவன் கடிதம் எழுதியிருந்தான். சிவகிரிக்குப் பஸ்ஸில் போகும்போது, உடம்பு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக நெளிநெளியாய் ஸ்டிக்கர் ஒட்டிய கார் ஒன்று ராஜபாளையம் பக்கமாகப் போனதாம். காரில் பெயர் இல்லை. கம்பெனி முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் டேப் ஒட்டியிருந்ததாம். "இன்னொரு தடவை வந்தால் பைக்கில் விரட்டிப் போய் செல்போனில் படம் எடுத்துடலாம்" என்கிறானாம் அண்ணன். "அந்த மாதிரி காரைப் படம் எடுத்தா போலீஸ்காரங்க பிடிச்சிட்டுப் போயிருவாங்கடே" என்கிறாராம் பக்கத்து வீட்டு அண்ணாச்சி.

யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறான். இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அது என்ன கார்? இன்னும் கடைக்கு வராத புது மாடல். தொழிற்சாலையில் சில வண்டிகளை மட்டும் முதலில் செய்து, மாதக்கணக்கில் ஓட்டிப் பார்ப்பார்கள். இதற்கு முன்மாதிரி வண்டி என்று பெயர். வெயில், மழை, மேடு, பள்ளம் எல்லாவற்றையும் அது தாங்கியாக வேண்டும். ஆனால் உருவம் யாருக்கும் தெரியக் கூடாது. அதற்காகத்தான் அந்த வேஷம்.

"சோதனை செய்யத் தனி இடம் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. செங்கல்பட்டு அருகே மஹிந்திராவின் ஆராய்ச்சி நிலையத்தை 2012-ல் திறந்து வைத்தவர் நம் அப்துல் கலாம். அதே கம்பெனி 2021-ல் செய்யாறு பக்கம் 454 ஏக்கரில் சோதனைத் தடம் அமைத்தது. மத்தியப் பிரதேசத்தில் பீதம்பூரில் 11.3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வேகத் தடம் இருக்கிறது. அதுவும் 2021-ல்தான் திறக்கப்பட்டது.

ஆனால் தனித் தடத்தில் ஆடு குறுக்கே வராது. வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி முன்னால் ஆடி ஆடிப் போகாது. பெயின்ட் அடிக்காத வேகத்தடை திடீரென்று முளைக்காது. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, தென்காசி வழியாகக் கொல்லம் போகும் சாலையை நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் வெக்கை. செங்கோட்டை தாண்டினால் மலை, வளைவு, சாரல். சபரிமலை சீசனில் வண்டிகள் நெருக்கியடிக்கும். இப்படி ஒரு சாலையைச் சுவருக்குள் கட்ட முடியுமா? அதனால்தான் நம் சாலைக்கு வருகிறார்கள். உலகம் முழுக்க இதே கதைதான். குளிருக்கு சுவீடனின் வடக்கே ஆர்யெப்லோக் என்ற ஊரில் உறைந்து கிடக்கும் ஏரிகளின் மேல் ஓட்டுகிறார்கள். வெயிலுக்கு அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்குக்குப் போகிறார்கள்.

சரி, வரிக்குதிரை வேஷம் எதற்கு? போர்வை போர்த்தி ஓட்டினால் போதாதா?

போதாது. போர்வை காற்றில் படபடக்கும். என்ஜினுக்குப் போகும் காற்றையும் தடுக்கும். அப்புறம் சோதனையே தப்பாகிவிடும். ஸ்டிக்கர் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நம் கண் ஒரு பொருளின் உருவத்தை எப்படிப் பிடிக்கிறது? எங்கே வெளிச்சம் விழுகிறது, எங்கே நிழல் விழுகிறது என்று பார்த்துத்தான். கறுப்பு வெள்ளை நெளிவுகளை அள்ளி இறைத்துவிட்டால் எது நிழல், எது கோடு என்று கண் குழம்பும். படத்தில் பார்த்தால் இன்னும் குழப்பம்.

முதல் உலகப் போரில் ஆங்கிலேயர்கள் இதே வேலையைக் கப்பலுக்குச் செய்தார்கள். 1917-ல் நார்மன் வில்கின்சன் என்ற ஓவியர் சொன்ன யோசனை அது. கடலில் கப்பலை மறைக்க முடியாது. ஆனால் அது எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று நீர்மூழ்கிக் கப்பல்காரனைக் குழப்பலாம் இல்லையா? கப்பல் முழுக்கப் பட்டை பட்டையாய் வர்ணம் அடித்தார்கள்.

ஸ்டிக்கர் மட்டும் இல்லை. உள்ளே பஞ்சு மாதிரி எதையாவது வைத்து, மேலே பொய்யான தகடு மாட்டி, இல்லாத புடைப்பை இருப்பது போலவும் காட்டுவார்கள். இதற்கு நம் ஊர் ஞாபகம் ஒன்று வருகிறது. கில்லாடியான ஆளை "அவன் பெரிய எம்டன்" என்று தாத்தாக்கள் சொல்வார்கள், கேட்டிருக்கிறீர்களா? 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டுவிட்டு ஓடிய ஜெர்மன் கப்பலின் பெயர் அது. எம்டனுக்கு உண்மையில் மூன்று புகைபோக்கிகள்தான். ஆங்கிலேயக் கப்பல் மாதிரித் தெரிய வேண்டும் என்று நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைச் செய்து நிறுத்திக்கொண்டது. அடுத்த மாதம் பினாங்குத் துறைமுகத்துக்குள் இந்த வேஷத்தோடுதான் நுழைந்தது. இன்றைக்குக் காரில் மாட்டும் பொய்த் தகட்டுக்கு எம்டனின் நாலாவது புகைபோக்கி பெரியப்பா முறை!

இப்போது கேள்விக்கு வருவோம். கம்பெனி இவ்வளவு பாடுபட்டு மறைப்பதை நாம் பார்க்கலாமா?

மறைப்பதில் நியாயம் இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு கார் உருவாகப் பல வருஷம் பிடிக்கும். இன்னொரு கம்பெனி உருவத்தைக் காப்பி அடித்துவிட்டால்? நம் நாட்டில் 2000-ம் ஆண்டு வந்த வடிவமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? பதிவு செய்வதற்கு முன்பே ஒரு வடிவம் ஊருக்கெல்லாம் வெளியாகிவிட்டால், அதைப் புதிய வடிவம் என்று பதிவு செய்ய முடியாது. அதோடு, புது மாடல் வரப் போகிறது என்று தெரிந்தால் பழைய மாடலை யார் வாங்குவார்கள்? தீபாவளிக்குப் புது டிசைன் வருகிறது என்று தெரிந்தால் அம்மா புரட்டாசியில் புடவை எடுப்பாரா?

ஆனால் ரோடு கம்பெனியுடையது இல்லை. நம் எல்லோருடையதும். மதில் சுவருக்குள் வைத்திருந்தால் எட்டிப் பார்க்கக் கூடாது. மரத்தில் ஏறிப் பார்ப்பதும் தப்பு. நாம் நடக்கும் தெருவில் அவர்களே கொண்டுவந்து ஓட்டினால், கண்ணை மூடிக்கொள் என்று யாரும் சொல்ல முடியாது. ரோட்டில் போகிற வண்டியைப் பார்த்ததற்காக யாரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள், அண்ணாச்சி!

ஜெர்மனியில் இப்படி வேஷம் போட்ட காருக்கு 'எர்ல்கோனிக்' என்றே பெயர். கதே என்ற பெரிய கவிஞர் எழுதிய ஒரு கவிதையின் தலைப்பு அது. 1952-ல் அங்கே ஒரு கார் பத்திரிகை, வெளிவராத மெர்சிடிஸ் கார் ஒன்றின் படத்தைப் போட்டு, பக்கத்தில் அந்தக் கவிதையைக் கேலியாக மாற்றி எழுதி அச்சடித்தது. அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. இதையே தொழிலாகச் செய்யும் புகைப்படக்காரர்களும் அங்கே உண்டு.

உண்மையைச் சொன்னால், இப்போது இந்த ரகசியத்தில் பாதி நாடகம். வெளியீட்டுக்குக் கொஞ்சம் முன்பு கம்பெனிகளே கோடு போட்ட காரைப் படம் எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்புகின்றன. ஸ்கோடா கம்பெனி 2021-ல் ஸ்லாவியா காரை மறைக்க ஒட்டும் ஸ்டிக்கரை வரையச் சொல்லி இந்திய மாணவர்களுக்குப் போட்டியே வைத்தது. மறைக்கிறேன், மறைக்கிறேன் என்று ஊரைக் கூப்பிட்டுச் சொல்வது எந்த வகை மறைப்போ!

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு விஷயம். காரின் உருவத்தை அவர்கள் மறைத்துக்கொள்ளட்டும். காரின் நடத்தையை மறைக்கக் கூடாது. அதற்கு நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

2003 ஜூலையில் ஜெர்மனியில் ஒரு விபத்து. நெடுஞ்சாலையில் பின்னால் மிக வேகமாக நெருங்கி வந்த கார் ஒன்றைக் கண்டு பயந்து, முன்னால் போன சின்ன கார் தடம் மாறி மரத்தில் மோதியது. உள்ளே இருந்த இளம் தாயும் அவருடைய இரண்டு வயதுக் குழந்தையும் இறந்துபோனார்கள். வேகமாக வந்தவர் நிற்கவே இல்லை. அந்த வழியில் போனவர்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் போலீசார் தேடினார்கள். கடைசியில், சோதனைத் தடத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மெர்சிடிஸ் கம்பெனி சோதனை ஓட்டுநர் மீது வழக்கு நடந்தது. 2004-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அந்தக் காரில் கோடு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. ஆனால் யாரும் எதையும் கவனிக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொன்று, ஃபோக்ஸ்வேகன் கதை. அமெரிக்காவில் புகைச் சோதனைக்கூடத்தில் அந்தக் கம்பெனியின் டீசல் கார்கள் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டன. பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் கைகட்டி உட்காருவோமே, அது மாதிரி! மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் புகை அளக்கும் கருவியை அந்தக் கார்களிலேயே ஏற்றிக்கொண்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்பவரும் இருந்தார். பெயரைப் பார்த்தாலே தெரிகிறதே, நம் பக்கத்துப் பெயர்! ஒரு காரில் நைட்ரஜன் ஆக்சைடு என்ற கெட்ட வாயு, அனுமதித்த அளவைப் போல 15 முதல் 35 மடங்கு வரை வந்தது. சோதனைக்கூடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்தால் மட்டும் ஒழுங்காக நடக்கும்படி காரின் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருந்தார்கள். 2015-ல் குட்டு உடைந்தது. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த ஏற்பாடு இருப்பதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

அந்தக் கார்களில் ஸ்டிக்கரும் இல்லை, பொய்த் தகடும் இல்லை. பளபளவென்று கடையில் விற்ற கார்கள். ஆனாலும் அதுதான் பெரிய வேஷம். ரோட்டில் வைத்துப் பார்த்ததால்தான் கலைந்தது. இப்போது நம் நாட்டிலும் 2023 ஏப்ரல் முதல் புதிய கார்களை ரோட்டில் ஓட்டியே புகையை அளக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பின்பக்கம் பெட்டியும் குழாயுமாக ஏதோ தொங்கவிட்டுக்கொண்டு ஒரு கார் போனால், அது இந்தச் சோதனையாக இருக்கலாம்.

அப்படியானால் அண்ணன் சொன்னபடி பைக்கில் விரட்டலாமா? கூடவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. 2022-ல் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரம் பேருக்கும் மேல். ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் செல்போன் என்று போகிறவருக்குக் கார் படமும் கிடைக்காது, கண்ணாடி மாதிரி ரோடும் கிடைக்காது. அண்ணனுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் இன்னொரு சங்கதி. 2019-ல் திருத்திய சட்டப்படி, சின்னப் பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் அப்பாவுக்கு 3 வருஷம் வரை சிறை, 25 ஆயிரம் ரூபாய் அபராதம்! புது கார் படத்துக்கு இவ்வளவு விலையா?

காரை ஓட்டுகிறவரையும் நினைக்க வேண்டும். அவர் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். காலையிலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு வைத்து ஓட்டிக்கொண்டிருப்பார். டீக்கடையில் நிறுத்தினால் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டு ஸ்டிக்கரைப் பிய்ப்பது, கதவைத் திறந்து பார்ப்பது, அவர் முகத்தைப் படம் எடுப்பது... இதெல்லாம் அநாகரிகம். தள்ளி நின்று பாருங்கள். பார்க்க நிறைய இருக்கிறது.

நம்பர் பிளேட்டில் ஆரம்பியுங்கள். எதை மறைத்தாலும் அதை மறைக்கக் கூடாது. சோதனை வண்டிகள் பலவற்றில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து இருக்கும். உங்கள் சங்கரன்கோவில் வண்டிக்கு டி.என். 79 என்பது தெரியும். அதே மாதிரி டி.என். 19 என்றால் செங்கல்பட்டு. டி.என். 21 காஞ்சிபுரம். எம்.எச். 14 என்றால் மகாராஷ்டிராவின் பிம்ப்ரி-சின்ச்வட், டாடா தொழிற்சாலை இருக்கும் ஊர். எச்.ஆர். என்று தொடங்கினால் ஹரியானா, மாருதி தொழிற்சாலைகள் உள்ள மாநிலம். வேஷம் போட்டவர் சொந்த ஊரை நெற்றியில் எழுதிக்கொண்டுதான் வருகிறார்!

அடுத்தது கண்ணாடிகள். ஓட்டுநருக்கு வெளியே தெரிய வேண்டுமே! அதனால் ஜன்னலை முழுசாக மறைக்க முடியாது. ஜன்னலின் கீழ்க்கோடு நேராகப் போகிறதா, பின்னால் மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம். ஸ்டிக்கர் ஒட்டி அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. சக்கரத்தில் நட்டுகள் நாலா, ஐந்தா? புகைக்குழாய் இருக்கிறதா? குழாயே இல்லாமல், சத்தமும் இல்லாமல் போனால் அது மின்சாரக் கார். சக்கரத்தின் நடுவில் பளபளவென்று ஒரு வட்டமும் அதிலிருந்து ஒயரும் தெரிந்தால், ரோடு டயரை எவ்வளவு பலமாக இடிக்கிறது என்று அளக்கிறார்கள் என்று அர்த்தம்.

சில சமயம் பழைய காரைப் போலவே இருக்கும், ஆனால் எங்கோ இடிக்கும். டயர் மட்டும் பெரிதாக இருக்கும், அல்லது நிற்கும் உயரம் கூடியிருக்கும். பழைய உடம்புக்குள் புது என்ஜினை வைத்து ஓட்டுகிறார்கள். இந்த வண்டிக்குக் கார்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'கோவேறு கழுதை'!

இதையெல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்க்க முடியாது. படம் எடுக்கும் அவசரத்தில் கண் பார்க்காது. சின்ன நோட்டு ஒன்று போதும். தேதி, இடம், நம்பரின் முதல் நாலு எழுத்து, சக்கரம், ஜன்னல், சத்தம் என்று எழுதிக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து கோட்டோவியமாக வரையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பேப்பரில் புது கார் விளம்பரம் வரும்போது நோட்டை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். "இதை நான் அப்பவே பார்த்தேன்" என்று சொல்வதற்கு நோட்டில் சாட்சி இருக்கும்.

"படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். அறிவியல் பாடத்தில் இலைப்பூச்சியைப் பற்றிப் படித்துவிட்டு, வேலிச் செடியில் உட்கார்ந்திருக்கும் இலைப்பூச்சியைப் பார்க்காமல் போகும் பிள்ளைகள் எத்தனை பேர்! புலிக்கு ஏன் வரி என்பதும், இந்தக் காருக்கு ஏன் வரி என்பதும் ஒரே பாடம்தான். புத்தகத்தில் மதிப்பெண் வாங்கிய கண் ரோட்டிலும் கொஞ்சம் வேலை செய்யட்டுமே என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

கோடு போட்ட கார் தினமும் வராது. ராயகிரிப் பக்கம் வருஷத்தில் ஒன்று வந்தாலே அதிர்ஷ்டம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். தெருவில் உறை போட்டு மூடி நிறுத்தியிருக்கும் கார்கள் இருக்கின்றனவே! கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு, உறைக்கு மேலே தெரியும் உருவத்தையும் கீழே தெரியும் டயரையும் மட்டும் வைத்து உள்ளே என்ன கார் என்று சொல்லிப் பாருங்கள். சொந்தக்காரர் உறையை எடுக்கும்போது யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும். அதற்கு முன்னால் யாராவது உறையைத் தூக்கிப் பார்த்தால், அது அழுகுணி ஆட்டம். அவர் அவுட்!